அந்தம்மா விட்டெறிந்த புத்தகம்

என் மகள் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு நடத்துகிறாள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். டைல்ஸ் ஒட்டும் கூலியாளாக ஆரம்பித்து மூன்று கடை வைத்தவன். அவளுடைய துறைக் கட்டடத்தின் தரை முழுக்க என் ஆட்கள் போட்டது. போய் மிதித்துப் பாருங்கள், இன்றுவரை ஒரு கல் ஆடாது.

அதே துறையில் அவள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் கல்யாணம் பேச வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, ஹால் மேசையில் கிடந்த அவளுடைய பாடப்புத்தகத்தைப் புரட்டினார். குளித்துவிட்டு நிற்கும் பெண்ணின் சிலை. உடம்பில் துணி இல்லை. அந்தம்மா தேள் கொட்டியதுபோல் புத்தகத்தைத் தரையில் விட்டெறிந்தார்.

"துணியில்லாத பொம்மையப் பாத்துப் பட்டம் வாங்குற பொண்ணா? எங்க வீட்டுக்கு ஒத்து வராதுங்க."

அத்தோடு விட்டாரா? போகிற வீடெல்லாம் தம்பட்டம் அடித்தார். அடுத்து வரவிருந்த வரன்களும் வாசலோடு நின்றுபோயின.

"இனிமே என் கல்யாணத்தப் பத்திப் பேசாதீங்கப்பா" என்றாள் மகள். அப்புறம் படித்தாள், படித்தாள், டாக்டர் பட்டம் வாங்கி அங்கேயே வேலையிலும் சேர்ந்தாள். என் வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அந்த வீட்டார் மாடி கட்ட டைல்ஸ் கேட்டு வந்தபோது, கடை நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு "ஸ்டாக் இல்ல" என்று அனுப்பினேன். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

போன வருடச் சேர்க்கை நேர்காணல். மகளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தது யார்? அதே அம்மா, மகள் வயிற்றுப் பேத்தியோடு. பேத்திக்கு இந்தப் படிப்புத்தான் வேண்டுமென்று ஒரே அடமாம்.

உள்ளே ஓடினேன். "சீட்டு குடுக்காதம்மா. தானா வந்து மாட்டியிருக்கு, விட்றாத."

"நீங்க வெளிய உக்காருங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

அங்கே நேர்காணல் என்றால் ஒரு படத்தைக் காட்டுவார்கள். யார் செய்தது, எந்தக் காலம் என்றெல்லாம் வேண்டாம். கண்ணில் படுவதைச் சொன்னால் போதும். வீட்டுப் பெரியவர்கள் கூட உட்காரலாம். திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். மகள் தன் பழைய புத்தகத்தை எடுத்து விரித்தாள். அதே பக்கம்.

பேத்தி கூச்சமில்லாமல் தோள், இடுப்பு, நிழல் விழும் இடம் என்று சொல்லிக்கொண்டே போனாள். பாட்டி தலையைக் குனிந்து என் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் சொல்லுங்கம்மா" என்றாள் மகள்.

"நானா? எனக்கென்னம்மா தெரியும்?"

"தெரிய வேணாம். பாத்தாப் போதும். பேத்திக்கு சீட்டு வேணும்ல?"

வேறு வழி? நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பொண்ணு நிக்கிறா."

"அப்புறம்?"

"ஒரு கால மட்டும் ஊனியிருக்கா. கால் வலி போல. பாவம், அசந்துபோயிருக்கா."

"சரியாத்தான் பாக்குறீங்க. அன்னிக்கே இப்படிப் பாத்திருக்கலாம்."

அந்தம்மா புத்தகத்தையும் என் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சீட்டு கொடுத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் மகளாயிற்றே! புத்தகத்தை மூடி பாட்டியின் மடியில் வைத்தாள்.

"முதல் வருஷத்துக்கு இது வேணும். வீட்ல ஹால் மேசையிலேயே வெச்சுப் படிக்கட்டும். வர்றவங்க போறவங்களும் பாக்கலாம்."

கனமான புத்தகம். இரண்டு கையாலும் அணைத்துச் சுமந்துகொண்டு அந்தம்மா வராந்தாவுக்கு வந்தார். நான் எழுந்து வழிவிட்டேன்.

"பாத்து நடங்கம்மா. இந்தத் தடவ கீழ போட்றாதீங்க."