வாய்க்கரிசியும் ஒரு செபமும்

கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைத்திருக்கிறார் என்று எங்கள் பாஸ்டர் சொன்னபோது, வேறு ஆள் கிடைக்கவில்லையாக்கும் என்றுதான் நினைத்தேன். அது உண்மையும்கூட. தர்மபுரத்தில் எங்கள் சபை என்பது ஒரு தகரக் கொட்டகையும் கொஞ்சச் சனமும்தான். பாஸ்டர் கிளிநொச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து போவார். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தை நடத்த உள்ளூரில் ஒருவர் வேண்டும். என் வீட்டு விறாந்தை பெரியது. அழைப்பு அப்படித்தான் வந்தது.

நான் மறுத்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் குரல் நடுங்கும். சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்த பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்குமுன் பாதி வாழ்க்கை பிள்ளையாரைக் கும்பிட்டவள்; இப்போதும் கால் இடறினால் வாயில் முதலில் வருவது அவர்தான். இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். வேதத்தில் அழைக்கப்பட்ட பெரிய ஆட்களும் முதலில் மாட்டேன் என்றுதான் நின்றார்கள் என்று பாஸ்டர் சிரித்தார். அவர்களுக்கு அழைத்தவருடைய குரலாவது கேட்டது. எனக்குக் கேட்டது பாஸ்டரின் குரல் மட்டும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதுவரை என்னை ஒருவரும் எதற்கும் அழைத்ததில்லை.

மழையோ வெயிலோ என் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர் அடுத்த ஒழுங்கையில் தனியாக இருந்த ஓர் அக்கா. பக்கத்து வளவில் அவருடைய தம்பி குடும்பமாக இருந்தார். வயல் செய்கிறவர், சைவம். அக்கா சபைக்குப் போவது அவருக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனால் மூன்று நேரமும் அக்காவுக்குச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

அக்காவின் ஒரே மகள் சண்டையின் கடைசிக் காலத்தில் உடையார்கட்டில் ஷெல் பட்டுச் செத்துப்போனாள். ஒரு பங்கருக்குள் கிடத்தி, கையால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் அக்கா ஓடி வந்தார். நோய் வருத்தத்தில் படுத்த பிறகு ஒருநாள் தம்பியையும் என்னையும் ஒன்றாகக் கூப்பிட்டார். "என்னை எரிக்கப்படாது. பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கிறாள், நானும் மண்ணுக்குள்ளதான் போகோணும்" என்று தம்பிக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் வந்து செபம் சொல்லோணும்" என்றார். ஓம் என்று வாக்குக் கொடுத்தேன். புதைப்பதற்குப் பாஸ்டர் படிப்பித்த காரணம் ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கண்ணை மூடினார். பாஸ்டர் வவுனியாவில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் நின்றார். ஊரில் புதைக்கிற இடம் தனியாக இல்லை; இருப்பது சைவச் சுடலை ஒன்றுதான். வேதக்காரியை அங்கே புதைக்கக்கூடாது என்று சிலர் முறுகுவதையும் அவருக்குப் போனில் சொன்னேன். "நீங்களே நடத்துங்கோ சகோதரி, அழைச்சவர் கூட இருப்பார்" என்றார். வவுனியா ஒன்றும் கடலுக்கு அந்தப் பக்கம் இல்லை. வர நினைத்திருந்தால் வந்திருக்கலாம்.

சுடலையில் ஒரு மூலையைத் தம்பிதான் ஊர்ப் பெரியவர்களோடு வாதாடி எடுத்துத் தந்தார். சனிக்கிழமை வீட்டில் பெட்டி மூடும் நேரம் என்னிடம் வந்தார். அவர் கையில் அரிசித் தட்டு இருந்தது. வாய்க்கரிசி போட வேண்டும் என்றார். எங்கள் சபையில் அது கூடாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. "சண்டையின்ர கடைசியில ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வெயிலுக்குள்ள லைனில நிண்டவா அக்கா. அவாவைப் பசியோட அனுப்பச் சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

அந்த லைனில் நானும் நின்றிருக்கிறேன். போடுங்கோ என்றேன். வீட்டில் பெண்கள் போட்டார்கள். ஆண்கள் சுடலையில் போடுவது வழக்கம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையடியில் விழுந்து அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சபைப் பெண்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்தாலும் கால் பழைய கால்தானே. நான் படலையைத் தாண்டினேன். துணிவு என்று சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்ற பயம். ஒழுங்கை முழுக்க, என்னை ஏன் பிடித்தாய், உனக்கு வேறு ஆளே இல்லையா என்று கர்த்தரோடு சண்டை பிடித்துக்கொண்டு போனேன். அவர் வாயே திறக்கவில்லை.

குழியடியில் செபம் சொன்னேன். நடுங்கிய குரலில், பாதியை விழுங்கி, அக்காவையும் அவருடைய பிள்ளையையும் ஒன்றாகச் சேர்த்துவிடும்படி கேட்டேன். சண்டைக்கு வந்தவர்கள்கூடச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு பெட்டியைத் திறந்து தம்பி அரிசி போட்டார், மற்ற ஆண்களும் போட்டார்கள். கடைசியில் அவர் தட்டை என் பக்கம் நீட்டினார். சுடலையில் ஒரு பெண்ணிடம் அந்தத் தட்டு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. எடுத்துப் போட்டேன். அக்கா பசியோடு போகக்கூடாது என்று எனக்கும் இருந்தது.

சபையிலிருந்து வந்த ஒரே ஆண் எங்கள் கடைக்காரர். அவர் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பாஸ்டருக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் பாஸ்டர் என்னை எழுப்பினார். நான் கர்த்தரை மறுதலித்துவிட்டேனாம். உபவாசமிருந்து மனந்திரும்ப வேண்டுமாம். இனிக் கூட்டத்தைக் கடைக்காரர் நடத்துவாராம். "அழைப்பு இருக்குது சகோதரி, ஆனா அதுக்குத் தகுதி காணாது" என்று முடித்தார்.

"அதைத்தானே பாஸ்டர் நான் முதலே சொன்னனான்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. போனில் தந்த கர்த்தரை இவர் மேடையில் வைத்துத் திருப்பி வாங்குகிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் இடத்தை மாற்றவில்லை. விறாந்தை என்னுடையதுதான். அடுத்த வெள்ளியும் நான் கூட்டிப் பாய் விரித்தேன். கடைக்காரர் நடுக்கமில்லாமல் அழகாகச் செபித்தார். நான் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அக்காவின் தம்பி படலையில் வந்து நின்றார். நாளைக்கு எட்டாம் நாள், எட்டுச்செலவு, அக்காவுக்குப் பிடித்தவற்றைச் சமைத்துப் படைக்கிறோம், வந்து அவா விரும்பின மாதிரி ஒரு செபம் சொல்லோணும் என்றார். விறாந்தையில் செபம் நின்றது. கடைக்காரர் திரும்பி, படைக்கிற வீட்டுக்குப் போனால் சபைக்கும் உங்களுக்கும் இனி ஒன்றுமில்லை என்றார்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. போகவா விடவா என்று கேட்டுக்கேட்டு அலுத்தேன். நீதானே அழைத்தாய், நீயே சொல் என்று ஏசினேன். சபையை விட்டால் எனக்கு வேறு ஆட்கள் இல்லை. பிள்ளையாரிடம் திரும்பிப் போகவும் மனமில்லை. அழைத்தவரை நம்புவது என்பது, விளங்காததை வாயை மூடிக்கொண்டு செய்வதுதான் என்றால், அது எனக்குக் கசக்கிறது. இன்றைக்கும் கசக்கிறது.

விடிய எழும்பிக் குளித்துவிட்டுப் போனேன். அக்காவின் படத்துக்கு முன்னால் செபம் சொன்னேன். பிறகு தம்பி வாழையிலை போட்டுப் படைத்த சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் பரிமாறினார். வேலிக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருந்து சாப்பிட்டேன்.

பின்னேரமே, இனி வர வேண்டாம் என்று சபையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கர்த்தர் அப்படி ஒன்றும் இதுவரை சொல்லியனுப்பவில்லை.