அணு மின்சாரக் கருத்தரங்கில் ஒரு ‘பாக்கலாமுங்க’

ஜெர்மனிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு யூர்கன் தோட்டத்து விருந்துக்குக் கூப்பிட்டார். “பார்க்கலாம்” என்று அவர் மொழியில் சொன்னேன். மனுஷன் உடனே சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு முகம் கோணாமல் மறுக்கிறோம் என்று பொருள். இங்கே அது பாதிச் சம்மதம். பத்து வருஷமாக மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டே, எதையும் ஆமாம் என்றால் ‘யா’, இல்லை என்றால் ‘நைன்’ என்று பிரித்துச் சொல்ல வாயைப் பழக்கிவிட்டேன். பள்ளிக்கூடம் போய்ப் படித்த மொழியல்ல, ஆட்களோடு பேசிப் பேசி வந்தது.

போன லீவில் கோயமுத்தூர் வந்தபோது அந்த வாய்தான் மாட்டிவிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் எரிசக்தி ஆராய்ச்சி, அரசின் கொள்கை, அணு மின்சாரம் என்று ஒருநாள் கருத்தரங்கு. ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியருக்கு மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். விவசாயிகள் சார்பில் ஒரு ஆள் வேண்டும் என்றதும், வெள்ளகோவிலிலிருந்து அக்கா வீட்டுக்காரர் செல்லமுத்து மச்சானை நானே பெருமையாகக் கூட்டிப் போனேன். பஸ்ஸிலேயே அவர் சொன்னார்: “பெரிய கரண்டு லைன் இழுக்கறாங்களாமா மாப்ள. நம்ம கெணத்து மேட்டுல சுண்ணாம்புல குறி போட்டுட்டுப் போயிருக்காங்க. அங்க டவர் நின்னா கெணறும் போச்சு, நாலு ஏக்கராவும் போச்சுங்க.”

கருத்தரங்கா அது? குத்துவிளக்கு ஏற்றவே ஒரு மணி நேரம். ஆளுக்கொரு சந்தன மாலை, பொன்னாடை, ஒருவரை ஒருவர் மேதை என்ற புகழ்ச்சி. அணுவைப் பிளக்கப் போகிறவர்களுக்குப் புரொஜெக்டர் தாளை நேராக வைக்கத் தெரியவில்லை. அணு உலை தலைகீழாகத் தொங்கியது. பேச்சாளர் குச்சியால் அதன் அடியைத் தொட்டு “இது மேல்பகுதி” என்றார். கழிவை எங்கே வைப்பீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நடுவில் கரண்ட் போயிற்று. மின்சாரத்தின் எதிர்காலத்தை டீசல் ஜெனரேட்டரின் தடதடப்பில் கேட்டோம். மச்சான் என் காதருகே குனிந்து, “ஏனுங்க மாப்ள, இவிங்க ஊட்டு ஃபேனே சுத்தல, நமக்கு எங்கிருந்துங்க கரண்டு குடுக்கறது?” என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் அவரை மேடைக்கு அழைத்தார்கள். அணுமின் நிலையத்திலிருந்து வரும் லைனுக்கு நிலம் தருவீர்களா என்று பேராசிரியர் கேட்டதைத் தமிழில் சொன்னேன். மச்சான் கும்பிட்டு, “பாக்கலாமுங்க” என்றார். என் பாழாய்ப்போன வாய் ‘யா’ என்றது. “விவசாயப் பெருமக்கள் சம்மதித்துவிட்டார்கள்!” என்று அமைப்பாளர் மைக்கில் முழங்கினார். அவரும் இந்த ஊர்க்காரர்தான்; ‘பாக்கலாமுங்க’ என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது? என் ‘யா’ அவருக்குச் சௌகரியமாக இருந்தது. கைதட்டல் அடங்குவதற்குள், நிலத்தில் டவர் நிறுத்த ஆட்சேபணை இல்லை என்ற தாள் மச்சான் முன்னால் வந்துவிட்டது. முன்பே டைப் அடித்து வைத்திருக்கிறார்கள்!

சபையில் நீட்டியதைத் தள்ளத் தெரியாத மனிதர் பேனாவை வாங்கிவிட்டார். நான் மைக்கைப் பிடித்து “நைன்!” என்று கத்தினேன். பிறகு தமிழில், “தரமாட்டார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். பேராசிரியர் அமைதியாகத் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டார். அமைப்பாளர் தாளை மடித்துக்கொண்டு, “சாப்பிடப் போகலாமே” என்றார்.

மச்சான் இலையில் உட்காரவில்லை. “கெணறு தப்பிச்சுதுங்க, அது சரி. ஆனா சபையில மூஞ்சிக்கு நேரா அப்பிடி இல்லைன்னு சொல்லிப்போட்டீங்களே. பெரியவிங்க என்ன நெனைப்பாங்க?” என்றார். அந்தப் பெரியவர்களை நினைத்து எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. மச்சானிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, “இவரு ஆருங்க?” என்று மச்சானைக் கேட்டார். மச்சான் சொன்னார்:

“வெளிநாட்டுக்காரருங்க. நம்ம பேச்சு நல்லாவே பேசுவாருங்க.”

குத்தலே இல்லை, பாராட்டாகத்தான் சொன்னார். கண்டக்டர் என் பக்கம் குனிந்து, கையை ஆட்டி, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக விளக்கினார்: “சூ-லூ-ர். பல்-ல-டம். காங்-க-யம். அப்பறம் வெள்-ள-கோ-வில்.” அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.