உயிர்ச்சேதம் இல்லை

அந்தச் செய்தி மொத்தம் மூன்று வரி. ‘கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தில் திங்கட்கிழமை பாறை சரிந்தது. தொழிலாளர் அனைவரும் பத்திரமாக மேலே வந்துவிட்டனர், உயிர்ச்சேதம் இல்லை. வேலை வழக்கம்போல் நடைபெறுகிறது.’ அதன் தலையில் சிறிய எழுத்தில் ‘சர்க்கார் தந்தி’ என்று போட்டிருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் அதை முதலில் வாசித்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தினமும் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆகவே இதைக் கிழமை வாரியாக நினைவிலிருந்து எழுதுகிறேன். நான் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தந்தியை எழுதியவர்கள் இந்தச் சிறிய மரியாதையைக்கூடச் செய்யவில்லை.

முதலில் வில்லை விஷயத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று உண்டு. டைம் ஆபீஸ் சுவரில் ஆணி அடித்த பலகை இருக்கும். ஷிப்டுக்குப் போகிறவர் தன் வில்லையை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டு இறங்குவார். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பெயர், முகம் எதுவும் துரைமார்களுக்குத் தேவைப்படவில்லை.

தேவைப்படாததால் எங்கள் ஜனங்களிடையே ஒரு வழக்கம் வந்திருந்தது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவருடைய வில்லையை எடுத்துக்கொண்டு அண்ணனோ தம்பியோ மைத்துனனோ இறங்கிவிடுவார்கள். நாலு நாள் சேர்ந்தாற்போல் வராத ஆளின் எண்ணை அடித்துவிடுவார்கள். எண் போனால் லைனில் இருக்கும் மூங்கில் தட்டி வீடும் போகும். எல்லா மேஸ்திரிகளுக்கும் இது தெரியும். பிள்ளைகள் எதிரில் மட்டும் யாரும் பேசமாட்டார்கள், வாய் தவறிச் சொல்லிவிடுவோம் என்று.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அந்த வாரம் நைனாவுக்குக் குளிர்சுரம். மூன்று நாளாகக் கம்பளிக்குள் உளறிக்கொண்டு கிடந்தார். சித்தப்பா எங்களோடு அதே வீட்டில் இருந்தார். மாலை ஷிப்டு ஆள். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை. திங்கட்கிழமை காலையில் நைனாவின் வில்லையை இடுப்பில் முடிந்துகொண்டு சித்தப்பா இறங்கினார். அவருடைய சொந்த வில்லை பலகையில் தொங்கியது. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் அறிந்தது, சித்தப்பா வழக்கத்துக்கு மாறாகக் காலையில் கிளம்பினார் என்பது மட்டும்தான்.

பிற்பகலில் தரை ஒரு முறை அதிர்ந்தது. அலமாரியில்லாத வீட்டில் உருளுவதற்கு என்ன இருக்கிறது? சட்டி ஒன்று உருண்டது. பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டை நோக்கி ஓடினார்கள். கீழே ஒரு லெவலில், சுரங்கத் தளத்தில், பாறை சரிந்து வழி அடைபட்டிருந்தது. மற்றவர்கள் மேலே வந்து வில்லைகளை மாட்டினார்கள். ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது. அது நைனாவின் எண். உடனே தோண்ட ஆரம்பித்தார்கள்.

அம்மா சித்தியின் காதருகே சொன்னதை நான் கேட்டேன். “தோண்டுறாங்க இல்ல? வந்துடுவாரு. நீ வாயத் தொறக்காத. சொன்னா ரெண்டு பேரு நம்பரும் பூடும்.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, காலி ஆணிக்கு உரிய ஆளைப் பற்றி விசாரிக்க, டைம் ஆபீஸ் குமாஸ்தா எங்கள் லைனுக்கு வந்தார். கையில் நோட்டுப் புத்தகமும் சிவப்புப் பென்சிலும் இருந்தன. அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். சித்தி ஷாப்ட் பக்கம் போனவள் திரும்பவில்லை. நான் வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா நைனாவின் பெயரைச் சொல்லி, “அவன் வூடு இதான? உங்க நைனா எங்க பாப்பா?” என்று கேட்டார். பெரியவர்கள் கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மாவின் கட்டளை.

“எங்க நைனா உள்ள படுத்துக்குனு கீறாரு சார். அவருக்கு ஜொரம்,” என்றேன்.

குமாஸ்தா குனிந்து உள்ளே பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கம்பளிக்குள்ளிருந்து “ஆங்” என்று ஒரு முனகல் வந்தது. அவர் சிரித்துவிட்டார். “இன்னாய்யா இது! வூட்ல தூங்குறவனுக்கா ராவெல்லாம் கல்லப் பொரட்டினோம்? வில்லைய எங்கியோ தொலச்சிட்டான் போல.” நோட்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். “நல்ல பொண்ணு,” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மா குடத்தோடு வந்ததும் பெருமையாகச் சொன்னேன். குடத்தை இறக்கிய கையோடு என்னை அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை. அந்த நேரம் உள்ளே நுழைந்த சித்தி விஷயத்தைக் கேட்டாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தாள். “உடுக்கா. கொயந்த இன்னா பண்ணும்?” என்றாள். முன்பின் தெரியாத ஆளோடு பேசியதற்காக அடி வாங்கினேன் என்று நினைத்து அன்று முழுவதும் நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லா எண்ணும் சரியாகிவிட்டதே, யாருக்காகத் தோண்டுவது? சித்தி டைம் ஆபீஸ் முன்னால் நின்று உண்மையைக் கத்திச் சொன்னாளாம். குமாஸ்தா பலகையைக் காட்டினாராம். “இதோ தொங்குது பாரு உன் புருசன் வில்லை. நேத்து மாலை ஷிப்டுக்கே அவன் வரல. ஊருக்கு ஓடிப் பூட்டிருப்பான், போய்த் தேடு.”

“ஊர்ல அவருக்கு இன்னா கீது ஓடறதுக்கு? பொஞ்சாதி இங்க கீறேன், அண்ணன் இங்க கீறாரு. உள்ள கீறார்யா அவரு!” என்று சித்தி சொன்னதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நைனாவுக்குச் சுரம் கொஞ்சம் விட்டது. இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு சுரங்கத் துரையின் பங்களாவுக்குப் போய், வில்லையைத் தம்பியிடம் கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். வேலை போகும், வீடு போகும் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டார். துரை கேட்டுக்கொண்டார். துரையின் பேச்சைத் தமிழாக்கும் துபாஷி பதில் சொன்னார்: “விசாரிக்கிறோம். ஆனா சமாச்சாரம் நேத்தே பெங்களூருக்குப் போயிட்சு. அங்கருந்து சர்க்கார் தந்தியில மெட்ராஸு, லண்டன் எல்லாம் போயிருக்கும். இப்ப ஆளு உள்ள கீறான்னா, மொதல்ல சொன்னது யாருன்னு கேப்பாங்க. கொஞ்சம் பொறு.”

கொஞ்சம் பொறு! இதை எழுதும்போது என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. கல்லுக்குப் பின்னால் ஒரு மனிதன் காற்றை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைவிடத் தந்திக்குப் பங்கம் வரக்கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள்.

சர்க்கார் தந்தி என்பது என்ன என்று வயது வந்த பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கம்பம் சர்க்காருடையது, கம்பி சர்க்காருடையது. சர்க்கார் வாயிலிருந்து வரும் செய்தி முதலில் தந்தியில் செய்தி விற்கும் ஒரே ஒரு செய்தி நிலையத்துக்குத்தான் கிடைக்கும். பத்திரிகைகள் எல்லாம் அதனிடம்தான் வாங்க வேண்டும். பெங்களூரில் அதற்கு ஒரு நிருபர் இருந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சுரங்க ஆபீஸ் ஒரு தாள் அனுப்பும். மேலே ஓர் அதிகாரி பார்த்துக் கையெழுத்திடுவார். நிருபர் அதைத் தந்தியில் தட்டச் சொல்வார். மிஷன் வாசகசாலையில் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை ஒரு கோடை விடுமுறையில் புரட்டிப் பார்த்தேன். இங்கிலீஷில் இரண்டு, தமிழில் ஒன்று. மூன்றிலும் அதே மூன்று வரி, அதே வரிசை. மூன்று பத்திரிகை சொன்னால் மூன்று சாட்சி என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்? சாட்சி ஒருவர்கூட இல்லை.

எங்கள் லைன் ஆட்களிடம் வருகிறேன். சுரங்கக் கூரைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் கூட்டத்தின் மேஸ்திரி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துரை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வியாழக்கிழமை காலை ஷிப்டில் இறங்கி நாமே தோண்டிவிடுவது என்று அவர் தன் ஆட்களைச் சேர்த்திருந்தார். கடப்பாரைகளோடு குழாயடியில் கூடினார்கள்.

அப்போதுதான் பங்காருபேட்டையிலிருந்து வந்த காலை வண்டியில் பட்டணத்துப் பத்திரிகை வந்தது. டீச்சரம்மா வழக்கம்போல அதை என்னிடம் கொடுத்து, ஜனங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வரச் சொன்னார். லைனில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு குறைவு. நான் குழாயடிக் கல்லின் மேல் ஏறி நின்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக வாசித்தேன்.

மேஸ்திரிதான் முதலில் கேட்டார். “தந்தியிலயே வந்துட்சா?”

“வந்துட்சு மாமா. மேல போட்டுக்குது.”

“சீமை மகாராணி செத்ததும் இதே தந்தியிலதான வந்துச்சு. அது பொய்யாவா போச்சு?” என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

“அப்ப ஆளு நெசமாவே ஊருக்குப் பூட்டான்யா,” என்றான் ஒருவன். “பொஞ்சாதி சமையலு அப்பிடி.” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கடப்பாரைகள் தோளுக்கு ஏறின. அவரவர் தங்கள் தங்கள் லெவலுக்குப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தங்கள் கண்ணைவிட அச்சை நம்பும்படி அவர்களைப் பழக்கி வைத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

சித்தி என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்டு இறங்கும் நேரத்தில் அவள் ஷாப்டுக்குப் போனாள். பெண்கள் அந்தக் கம்பிவேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினாள். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜின் வாசலை மறித்து நின்று அந்தப் பத்திரிகையை விரித்துப் பிடித்தாள். நான் வேலிக்கு வெளியே நின்று கண்ணால் பார்த்தேன். பத்திரிகை தலைகீழாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு இதுல போட்டுக்குது இல்ல? அந்த எல்லாருல எங்க வூட்டுக்காரரு எங்க? அவர எனக்குக் காட்டிட்டு அப்பால கேஜ எறக்குங்க.”

காவலாள் அவள் தோளைப் பிடித்தான். மேஸ்திரி சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்தார். “கைய எடுடா,” என்றார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, “வாங்கடா. தந்தி தப்புன்னா தப்பு. தோண்டிப் பாத்துடலாம்,” என்றார்.

மதியம் சித்தப்பாவைக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்தது கம்பளி போர்த்திய உருவத்தைத்தான். மற்றது மேஸ்திரி சொன்னது. பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்ததாம். ஒரு கால் நசுங்கியிருந்தது. வேறு காயம் இல்லை. ஷிப்டுக்குக் கொடுக்கும் கொழுப்பு மெழுகுவர்த்திகளில் மூன்று எரிந்து முடிந்திருந்தன. மீதி இரண்டில் பல் பட்ட தடம் இருந்தது. பசிக்கு அதைக் கடித்துத் தின்றிருக்கிறார். உயிர் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

அப்படியானால் வியாழக்கிழமை காலை, நான் கல்லின் மேல் நின்று வாசித்த நேரத்தில், சித்தப்பா உயிரோடு இருந்தார்.

டீச்சரம்மா திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாங்கள் தந்தியில் வந்ததைப் போட்டோம், அவர்களைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. செய்தி நிலையத்துக்கு எழுதினார். நாங்கள் சர்க்கார் கொடுத்ததை அனுப்பினோம் என்றார்கள். சர்க்காருக்கு எழுதினார். விபத்தில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று பத்திரிகைகளிலேயே வெளிவந்திருக்கிறதே என்று அந்த அதிகாரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை டீச்சரம்மா என்னிடம் காட்டியது நான் வளர்ந்த பிறகு. இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அது வேடிக்கைக்கு எழுதப்பட்டதல்ல என்று உறுதி செய்துகொண்டேன்.

சித்தப்பாவின் சாவு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வில்லையை மாற்றிக் கொடுத்த குற்றத்துக்காக நைனாவின் எண்ணை அடித்தார்கள். நாங்கள் தட்டி வீட்டைக் காலி செய்துவிட்டுப் பங்காருபேட்டைக்குப் போனோம். ரயிலடியில் நைனா மூட்டை தூக்கினார். சித்தியும் எங்களோடு வந்தாள்.

அங்கே ஒரு நாள் மத்தியானம், அம்மா இல்லாத நேரத்தில், சித்தி அந்தப் பத்திரிகையை எடுத்து வந்து என் எதிரில் விரித்தாள். இந்த முறை நேராக வைத்திருந்தாள். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“இத யாரு பாத்துட்டுச் சொன்னாங்கோ?” என்று கேட்டாள்.

“தந்தி சொல்லிச்சு சித்தி.”

“தந்திக்குக் கண்ணு கீதா?”

இவ்வளவு பெரியவளுக்கு இது தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. துபாஷி சொன்னதாக நைனா சொல்லிக்கொண்டிருந்ததை வைத்து, விரல் விட்டு எண்ணி விளக்கினேன். “பேப்பருக்கு சர்க்கார் தந்தி சொல்லும். தந்திக்குப் பெங்களூர் ஆபீஸ் சொல்லும். அவங்களுக்கு நம்ப மைன் ஆபீஸ் சொல்லும்.”

“மைன் ஆபீஸுக்கு?”

“டைம் ஆபீஸ் குமாஸ்தா.”

“குமாஸ்தாவுக்கு?”

ஐந்தாவது விரலைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எல்லாம் தெரிந்த பெண் என்று பெயர் வாங்கியவள், இதில் தோற்பதா என்று உண்மையாகவே யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

“தெரீல சித்தி,” என்றேன்.

சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பத்திரிகையை மடித்தாள்.

“தெரீலன்னா போவுது. நீ போயி வெளையாடு,” என்றாள்.

நான் போய் விளையாடினேன்.