காதோடு சொல்லும் புத்தகம்

யாராவது எதையாவது படிக்கச் சொல்லி நீட்டினால் எனக்குத் தெரிந்த ஒருவரின் கை தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கும். "அடடா, கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேனே!" மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். கடை முதலாளி விடமாட்டார். "ஒரு நாளைக்கு மூக்கையும் வீட்டுல வெச்சுட்டு வரப்போறாரு பாருங்க."

இவர் கண்ணாடிச் சட்டத்தின் கால்களைச் சூடு காட்டி வளைப்பார். வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்ப்பார். "கடிக்குதா சார்? கடிச்சா சொல்லிடுங்க, கூச்சப்படாதீங்க." வேலை சுமார்தான். என் கண்ணாடி இன்னும் இடப்பக்கம் சாய்கிறது.

முதலாளி பக்கத்தில் இல்லையென்றால், கை வேலையில் இருக்கும்போது வாய் என்னிடம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், சுவர் இடுக்கில், தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாயப் புத்தகம். திறந்து பிடித்தால் போதும், அடுத்த சொல்லைக் காதோடு சொல்லிவிடும். "வாத்தியார் எழுப்பி விட்டா மழை மாதிரிப் படிச்சிருப்பேன் சார். போதும், உக்காருடான்னு அவரே கெஞ்சியிருப்பாரு." நடந்தது வேறு. அவர் முறை வந்தபோதெல்லாம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்ட மறுத்தன. கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பினார். 'குருட்டுக் கொக்கு' என்ற பெயர் பள்ளியை விடும்வரை கூடவே வந்தது.

சில நாள் அந்தப் புத்தகம் வேறு வேலை செய்யும். அவர் அதைத் திறந்ததும் வகுப்பில் மற்ற எல்லாருடைய பக்கங்களும் வெள்ளையாகிவிடும். தடங்கலில்லாமல் படிக்கும் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்று அழுவாள். "நெனைக்கிறப்ப நல்லாத்தான் இருக்கும். அப்புறம் என்னையே பாக்க அசிங்கமா இருக்கும் சார்." நடக்காத ஒன்றுக்காக ஒரு மனிதர் தலைகுனிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

தன் மகளுக்கு இதைக் கதையாகச் சொன்னபோது மட்டும் புத்தகம் கிடைத்தே விட்டது. அப்பா மழை மாதிரிப் படித்தார்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது அவர் மனைவி அந்தச் சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "வாசிக்கச் சொன்னா எழுத்தே தெரியலங்கறாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க. ஊரு கண்ணெல்லாம் பாக்கறீங்க, பெத்த புள்ள கண்ணப் பாக்க மாட்டீங்களா?"

அப்பா மகளை நாற்காலியில் உட்கார வைத்தார். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரிசைப் பொடி எழுத்துவரை அவள் சரியாகச் சொன்னாள். பிறகு கையில் வைத்துப் படிக்கும் அட்டையைக் கொடுத்தார். பெரிய எழுத்தில் ஒரு பத்தி. அவள் கண்ணைக் கசக்கினாள்.

"தெரியலப்பா."

ஒரு லென்சை மாட்டினார். "இப்ப?"

"தெரியல."

பவரே இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டினார். "இப்ப?"

"கொஞ்சம் தெரியற மாதிரி இருக்கு."

அவர் கை அப்படியே நின்றது.

"என்னங்க, பவர் எவ்வளவு?" என்றார் மனைவி.

சிறுமி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ரகசியம் என்று நினைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கண்ணாடி வேணாம்ப்பா. அந்தப் புத்தகத்தக் குடுங்க. நாளைக்கு என் முறை."

"என்னய்யா புத்தகம்?" என்று சிரித்தார் முதலாளி.

அந்த வெறும் கண்ணாடியையே மாட்டி மகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்படி ஒரு புத்தகம் இல்லம்மா."

"நீங்க படிச்சீங்களே?"

"இல்ல. அப்பாவுக்குப் படிக்க வரல. இப்பவும் சரியா வராது."

மனைவி அவரைப் பார்த்தார். முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது. காது மடல் சிவக்க, அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டு, எப்போதும் அங்கேயே இருந்த தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மகளின் கையிலிருந்த அட்டையை வாங்கி, முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்து, எங்கள் எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது சொல்லில் திக்கினார். விரலை எடுக்கவில்லை.