கேட்காமல் வந்த பிலாட்டிஸ்

எங்கள் ஓசூர் கம்பெனியில், ஷிஃப்டுக்கு முன்னால் பிலாட்டிஸ் சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். உலகப்போரின்போது முகாமில் அடைபட்டிருந்த ஒரு ஜெர்மன்காரர் சக கைதிகளோடு செய்து வளர்த்த பயிற்சியாம். வயிற்றுத் தசை வலுத்தால் முதுகு வலிக்காதாம். முதுகுவலி என்று சண்டை போட்டு, அசெம்பிளி லைனில் உட்கார ஸ்டூல் வாங்கவே எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. இது மட்டும் கேட்காமலே வருகிறதா?

பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஊத்தங்கரைக்காரி, "இவங்க சும்மா செய்வாங்களாக்கா?" என்று முணுமுணுத்தாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் இரண்டே மாதத்தில் வலி நிஜமாகவே குறைந்தது. "இப்ப முதுகு எப்படிம்மா இருக்குது?" என்று சூப்பர்வைசர் வந்து கேட்டார். "சுத்தமா வலியே இல்லீங்க சார்" என்று பல்லிளித்துக்கொண்டு சொன்னோம்.

மறுநாள் லைனில் ஒரு ஸ்டூல்கூட இல்லை.