அழுதுகொண்டே போட்டுக்கொண்ட ஊசி

கொரோனா ஆண்டில் பெரம்பலூர் வீட்டுக்குள் நானும் என் மனைவியும் அடைந்து கிடந்தபோது, போனில் யார் கிடைத்தாலும் அவள் அழுதாள். நான் பால்காரரையும் தொலைக்காட்சியையும் அவளையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளைக் கோழை என்றும் சொல்லிவிட்டேன். இத்தனை காலம் உடன் வாழ்ந்தவளிடம் சொல்லக்கூடாத சொல். அதைவிட வெட்கம், அந்தச் சொல்லை நான் ஒரு பெண்மீது வீசியது அது முதல் முறையல்ல. முதலில் வாங்கிக்கொண்டவள் என் பெரியம்மா.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெற்குத் தெருவில் வாந்திபேதி புகுந்து இரண்டு பாடைகள் போயிருந்தன. பெரியப்பாவும் பெரியம்மாவும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பிள்ளையில்லை, நான் பெரும்பாலும் அங்கேதான் சாப்பிடுவேன். பெரியம்மா தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால்கூட அழுதாள். "எனக்கு பயமா இருக்குடா தம்பி" என்று கூச்சமின்றிச் சொல்வாள். பெரியப்பாவோ கர்ஜித்தார். தண்ணீரைக் காய்ச்சினால் கர்ஜனை, காய்ச்சாவிட்டாலும் கர்ஜனை. எங்கள் தெருவின் ஆண்கள் எல்லாம் அவர் சொல்படி நடப்பவர்கள். இவரல்லவோ வீரர் என்று நான் அவர் பின்னாலேயே திரிந்தேன்.

அரியலூரிலிருந்து ஊசி போட ஆள் வருகிறார் என்று தண்டோரா போட்ட அன்றே பெரியப்பா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவன் உடம்பில் ஊசி படக்கூடாது என்று அறிவித்தார். அப்படியொரு விதியை ஊரில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் மறுநாளே தெருவில் பாதி ஆண்களின் கையில் மஞ்சள் கயிறு.

ஊசிக்காரர் வந்த காலையில் பெரியப்பா என்னைத் தனியே அழைத்தார். "யாராச்சும் கேட்டா, அரியலூர் போயிட்டாருன்னு சொல்லு" என்றார். பிறகு வரப்பு வழியே வேகமாக நடந்தார்.

கோயிலடியில் வரிசையின் முதல் ஆளாக நின்றவள் பெரியம்மா. ஊசி வெந்நீரில் கொதிப்பதைக் கண்டதுமே ஒப்பாரி வைத்தாள். அது கையில் இறங்கியபோது எழுப்பிய சத்தம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். நான் கைதட்டி, "கோழைப் பெரியம்மா! கோழைப் பெரியம்மா!" என்று கத்தினேன். ஆண்கள் சிரித்தார்கள். அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க பெரியப்பா எங்கடா?"

"அரியலூர் போயிட்டாரு."

"காப்பு கட்டுன மனுசன் ஊர் எல்லையத் தாண்டி அரியலூர் போனாராக்கும்?"

காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த வழக்கம் அவருக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது.

"அரியலூரும் போவல, ஆண்டிமடமும் போவல, அக்கா. கம்பங்கொல்லைப் பரண்லதான் ஒக்காந்திருக்கு அந்த வீரம்" என்றாள் எதிர்வீட்டுக் கிழவி.

பெரியம்மா அழுகையை நிறுத்தவில்லை. கிழவிகள் எல்லாருக்கும் போட்டு முடிந்ததும், அழுதபடியே, "வாங்க சார், கிட்டத்தான்" என்று ஊசிக்காரரை அழைத்துக்கொண்டு நடந்தாள். ஊசி போட்ட கையைத் தாங்கிக்கொண்டு தெருவின் கிழவிகள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள். நானும் ஓடினேன்.

பெரியப்பா பரண்மேல் உட்கார்ந்து, இன்னும் கதிரே வைக்காத கம்புக்குக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார்.

"காப்பு கட்டியிருக்கேன், போங்கடி எல்லாம்!"

"எல்லைக்கல்லத் தாண்டித்தான் நாங்க இங்க வந்தோம். நீங்களும் தாண்டித்தான் வந்திருக்கீங்க. ஆத்தாவுக்கே டிமிக்கி குடுக்குறீங்களா?" என்றாள் பெரியம்மா.

அவர் மறுபடி குருவி விரட்டத் தொடங்கினார். பெரியம்மாவின் குரல் உடைந்தது.

"தெக்குத் தெருவுல ரெண்டு உசுரு போயிருச்சு. நீங்களும் போயிட்டா நான் யாரு மொகத்துல முழிப்பேன்? எறங்குங்க. நான் அழுதுகிட்டேதான் போட்டுக்கிட்டேன். நீங்களும் அழுங்க. வேணும்னா நாங்க திரும்பி நின்னுக்குறோம்."

சொன்னபடியே கிழவிகள் எல்லாரும் முதுகைக் காட்டி நின்றார்கள். ஏணி கிறீச்சிட்டது. ஊசி ஏறி முடியும்வரை பெரியப்பா பெரியம்மாவின் கையை விடவில்லை. முடிந்ததும் யாரோ ஒருத்தி குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல அவரை ஊருக்குள் நடத்தி வந்தார்கள். அதைப் பார்த்ததும் மஞ்சள் கயிறு கட்டிய ஆண்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். மழை பிடிக்கும்வரை நோய் ஊரைச் சுற்றியது. எங்கள் தெருவிலிருந்து ஒரு பாடைகூடக் கிளம்பவில்லை.

என் வீரர் தோற்றுவிட்டார் என்று அன்று எனக்கு ஆத்திரம். பெரியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் இருந்தவரை கேட்கவேயில்லை.

அன்று மாலையே பெரியப்பா பழையபடி முழங்கத் தொடங்கினார். களி கட்டி தட்டிவிட்டது, குழம்பில் உப்பில்லை, இந்த வீட்டில் ஒருவருக்கும் அறிவில்லை. எனக்கு ஊற்றிய குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது. பெரியம்மா மறுபேச்சுப் பேசாமல் அவருக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அவர் திட்டத் திட்ட அவள் முகம் ஏன் அப்படி மலர்ந்துகொண்டே போனது என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.