வாய்க்காலைத் தின்ற பச்சை

மருமகன் எங்கள் உடம்பு நலத்துக்கென்று வாங்கித் தந்த செம்பு பாட்டிலில் நான் எலுமிச்சைச் சாறு ஊற்றி வைத்ததுதான் வினை. நாலு நாள் வெளியூர் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தால் உள்சுவரெல்லாம் பச்சை.

"விஷத்த ஊற வச்சிருக்கீங்க," என்று என் மனைவி புளி எடுக்கப் போனாள்.

நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். புளித்த வாடை. எனக்கு நன்றாகத் தெரிந்த பச்சை அது. ஒருமுறை என் மானத்தையே வாங்கியிருக்கிறது.

செம்பும் புளிப்பும் சேர்ந்தால் களிம்பு. நம் வீடுகளில் அதைத் தேய்த்துக் கழுவிவிடுவோம். ஆனால் அதையே சுரண்டிப் பொடித்துப் பிசினில் குழைத்தால் அருமையான வர்ணம். நாட்டுமருந்துக் கடையில் வங்காளப் பச்சை என்பார்கள். வங்காளத்துக்கும் அதற்கும் என்ன உறவோ, நான் கேட்ட கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஆறாத புண்ணுக்குப் போடும் மருந்தில் சேர்ப்பார்களாம். வயிற்றுக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும். பூசும்போது நீலம் ஓடின பச்சையாக, நடவு முடிந்து பத்து நாளான வயல் மாதிரி இருக்கும். வருஷம் போகப் போகப் பழுப்பேறும். அதோடு விடாது, உட்கார்ந்த காகிதத்தையே தின்னும். இந்தக் கடைசிக் குணத்தைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மயிலாடுதுறையில் (எங்களுக்கு அப்போது மாயவரம்) தாலுகா ஆபீசுக்கு எதிரே வரைபடம் நகல் எடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நகல் எந்திரத்தின் அமோனியா நெடியில் கண் எரியும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, பசை கிண்டுவது என் வேலை. கிழிந்தது எதைக் கண்டாலும் பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிவிட வேண்டும் எனக்கு. கை அப்படி ஊறும்.

ஒரு நாள் ஆரோக்கியமேரி அக்கா வந்தார். கடைமடையில் அரை வேலி நிலம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்ததால் வெள்ளாமை முழுக்க அக்கா பொறுப்பு. கையில் நடுவில் மடித்த பழைய வரைபடம். ஒரு மிராசுதார் தன் நிலத்தை இரண்டாகப் பிரித்து விற்றபோது எழுதி, கையால் வர்ணம் தீட்டியது. ஒரு பாதியை அக்காவின் மாமனாரும், மறுபாதியைப் பக்கத்து வயல் கோவிந்தராஜுவின் தாத்தாவும் வாங்கியிருந்தார்கள். வயலுக்கு மஞ்சள், மடிப்புக்குச் சற்றுத் தள்ளி ஓடும் வாய்க்காலுக்குப் பச்சை.

"எங்களுக்கு நடுவால போற வாய்க்கால கோவிந்தராஜு அண்ணன் கொஞ்சம் கொஞ்சமா உழுதே தன் வயலோட சேத்துட்டாரு தம்பி. கேட்டா, வாய்க்காலே கெடையாதுங்குறாரு. வெள்ளிக்கிழம சர்வேயர் வர்றாரு. நாத்து முத்திக்கிட்டிருக்கு. அதுக்குள்ள தண்ணி வரலன்னா அறுத்து மாட்டுக்குத்தான் போடணும். கடமடக்காரிக்குப் பந்தியிலயும் கடசி, பாசனத்துலயும் கடசி."

தெளிவாக ஒரு நகல், அவ்வளவுதான் கேட்டார். நான் நகலோடு நின்றேனா? பச்சைக் கோடெல்லாம் வெடித்திருப்பதைப் பார்த்ததும் கை ஊறிவிட்டது. வரைபடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஈரப்பசை தடவினேன். நடு வாய்க்கால் அப்படியே நாடாவாகப் பிய்ந்து, பொடிந்து உதிர்ந்தது. குப்பை என்று கூட்டித் தள்ளினேன். வெள்ளைத்தாள் ஒட்டி, காயவைத்து, இருந்த கறுப்புக் கோடுகளை மட்டும் அழகாக நகலெடுத்தேன். என் கைவேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அக்கா நகலை விரித்தார். மூலத்தை விரித்தார். திரும்ப நகலைப் பார்த்தார்.

"என் வாய்க்கால் எங்க தம்பி?"

நான் குப்பைக் கூடையைத் திரும்பிப் பார்த்தேன். தாலுகா ஆபீசுக்கு வந்த கோவிந்தராஜுவும் அக்காவைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தார். எட்டிப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூணு வருசமா ஏர் ஓட்டியும் எனக்கு முழுசா தூரல. தம்பி ஒரு சட்டி மைதாவுல தூத்துட்டாப்ல!"

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. "சரி, குடுங்க," என்று வரைபடத்தை மடிக்கப் போனவர் பாதியில் நின்றார். "இங்க என்ன, டீ கொட்டுன மாதிரி?"

எதிர்ப்பக்கத்து மஞ்சள் வயலின் மேல் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று வளைந்து போயிற்று. நான் மெதுவாக மடித்துப் பார்த்தேன். வாய்க்கால் இருந்த இடத்தில் நான் ஒட்டிய வெள்ளைத்தாளும் அந்தப் பழுப்பும் வளைவுக்கு வளைவு ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. மடித்து வைத்திருந்த அத்தனை வருஷமும் அந்தப் பச்சை தன் பக்கத்தைத் தின்றுகொண்டே எதிர்ப்பக்கத்தையும் சுட்டிருக்கிறது.

"தின்னவன் வாயத் தொடச்சாலும் ஏப்பம் விட்டுருவான்," என்றார் அக்கா, கோவிந்தராஜுவைப் பார்க்காமலே.

பழுப்புக் கோட்டின் மேல் டிரேசிங் தாளை வைத்து வரைந்து, தாளைப் புரட்டிப் போட்டு, வாய்க்காலை அதன் இடத்தில் சேர்த்தேன். இந்த முறை அழகாக வந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். சர்வேயர் கோட்டின்படி அளந்து கடப்பாரை போடச் சொன்ன இடத்தில், முழங்கால் ஆழத்தில் பழைய மதகுக்கல் 'ணங்' என்றது. கோவிந்தராஜு குனிந்து அந்தக் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டி, ஆள்காரர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார்.

"கறைக்குப் பயந்துட்டேன்னு நெனைக்காத தங்கச்சி. கல்லு சொல்லுது, வெட்டுறேன்."

"எது சொன்னா என்னண்ணே, வெட்டுங்க."

மூன்றாம் நாள் தண்ணீர் ஏறியது. நடவன்று அக்கா வீட்டிலிருந்து எனக்கும் சோறு வந்தது. "பச கிண்டுற தம்பிக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்கா இப்போது இல்லை, கோவிந்தராஜுவும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில். நகல் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். போன மாதம் அந்த வாசலில் ஒரு பையன் வழவழப்பான விளம்பரத்தாளைக் கையில் திணித்தான். வீட்டுமனை விற்பனை. பக்கத்து மாதா கோயிலையும் மதகடியையும் அடையாளம் வைத்துப் பார்த்தால் அதே இரண்டு வயல்கள். வரிசை வரிசையாகக் கட்டம், நடுவே அகலமான சாலை, பூங்காவுக்கு மட்டும் பச்சை. வாய்க்காலைக் காணோம்.

பழக்கதோஷம், தாளை நடுவில் மடித்து, நகத்தால் அழுத்தி, திரும்ப விரித்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இந்த அச்சுப் பச்சை எதிலும் ஒட்டாத பச்சை.